டிரம்மும் பிகிலும்: ஆற்காட்டுச் சாலையின் பேண்டுக்காரர்கள்

அமெரிக்காவில் 'டிரம் அண்டு பியூகிள் கோர்' என்று ஒரு சமாச்சாரம் உண்டு. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய சிப்பாய்கள், அமெரிக்கன் லீஜன் போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களில் கூடி, ராணுவம் கழித்துவிட்ட பியூகிள்களையும் டிரம்களையும் வைத்துக்கொண்டு ஆரம்பித்த வாத்தியக் குழுக்கள் அவை. பிள்ளைகளுக்கு ஜூனியர் குழு, வயது வரம்பைத் தாண்டியவர்களுக்கு சீனியர் குழு. நியூ ஜெர்சியின் ஹாதார்ன் கபாலெரோஸ் 1946-இலும், பென்சில்வேனியாவின் ரெட்டிங் பக்கனீர்ஸ் 1957-இலும் தொடங்கியவை. வாரம் முழுக்க ஏதோ ஒரு வேலை, வார இறுதியில் சீருடை மாட்டிக்கொண்டு அணிவகுப்பு. அந்தப் பெரியவர்களைப் பற்றி அவர்கள் ஊர்க்காரர்கள் எழுதிவைத்திருக்கும் நினைவுகளைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. யார் எந்த வருஷம் எந்த டிரம் அடித்தார் என்பது வரை பெயரோடு இருக்கிறது.

நம்ம பக்கம் அப்படி ஒரு குறிப்பும் கிடையாது. ஆனால் ஆட்கள் இல்லாமல் இல்லை. காவேரிப்பாக்கம், வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு, வேலூர், குடியாத்தம், ஆம்பூர் என்று பாலாற்றை ஒட்டிப் போகும் இந்தச் சாலையில் பேண்டு செட் இல்லாத ஊரே கிடையாது என்று ஒரு காலம் இருந்தது. சிவப்புச் சட்டை, தோளில் மஞ்சள் குஞ்சம், தலையில் தொப்பி, கையில் ட்ரம்பெட். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள், அந்த டிரம் அவர்கள் கைக்கு எப்படி வந்தது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்ததுதான் இந்தக் கட்டுரை.

ஐந்து சுரம், ஒரு கட்டளை மொழி

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பியூகிள் என்பது வளைத்த பித்தளைக் குழாய், அவ்வளவுதான். துளை இல்லை, வால்வு இல்லை. உதட்டை இறுக்கி, தளர்த்தி ஊதினால் குழாய் தானாகக் கொடுக்கும் சுரங்கள் மட்டும் வரும். வழக்கமாகப் பயன்படுவது ஐந்து. அவற்றின் அதிர்வு விகிதம் 2:3:4:5:6. நம்ம கணக்கில் சொன்னால் ச, ப, மேல் ச, அந்தர க, மேல் ப. ரிஷபமும் மத்யமமும் கேட்டாலும் கொடுக்காது.

இந்த ஐந்தை வைத்துக்கொண்டு ஒரு முழு ராணுவத்தை நடத்தினார்கள். எழுந்திரு என்பதற்கு ரிவேலி, சாப்பாட்டுக்கு ஒன்று, கொடி இறக்க ரிட்ரீட், நாள் முடிந்தது என்பதற்கு லாஸ்ட் போஸ்ட். 'டாட்டூ' என்ற இரவு அழைப்பின் பெயர் டச்சு மொழியிலிருந்து வந்தது. கடைக்காரர்களே, பீர் பீப்பாயின் குழாயை மூடுங்கள், சிப்பாய்கள் முகாமுக்குத் திரும்ப வேண்டும் என்று அர்த்தம். மென்பொருள் எழுதும் என்னைப் போன்றவனுக்கு இதைப் பார்த்தால் ஒரு புரோட்டோகால் மாதிரி தெரிகிறது. குறைந்த எழுத்துகள், ஒன்றோடொன்று குழம்பாத செய்திகள், சத்தத்துக்கு நடுவிலும் சேதாரமில்லாமல் போய்ச் சேர வேண்டும்.

ஏன் இது தேவைப்பட்டது? அன்றைய கருமருந்து வெடித்தால் ஒரே புகை. பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாது. தொண்டை கிழியக் கத்தினாலும் துப்பாக்கிச் சத்தத்தில் கேட்காது. டிரம்மும் ஊதுகுழலும்தான் அதிகாரியின் குரல். காலாட்படைக்கு டிரம்மும் ஃபைஃப் என்ற சின்னப் புல்லாங்குழலும், குதிரைப்படைக்கு ட்ரம்பெட், பிறகு லேசான காலாட்படைக்கு பியூகிள். நம்ம வாயில் அந்த பியூகிள்தான் 'பிகில்' ஆனது. பிறகு விரலை மடக்கி அடிக்கும் விசிலுக்கும் அதே பெயர். 2019-இல் விஜய் படம் வந்தபோது அந்தச் சொல் ராணுவ முகாமிலிருந்து வந்தது என்று தியேட்டரில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள்.

டிரம் அடிக்காத இரவு

காவேரிப்பாக்கம் என்றால் பலருக்கும் ஏரிதான் ஞாபகம் வரும். பல்லவர் காலத்து ஏரி. ஊரின் பழைய பெயர் அவனிநாராயண சதுர்வேதிமங்கலம். அவனிநாராயணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் பட்டப்பெயர். ஆனால் ஆங்கிலேயர் எழுதிய வரலாற்றுப் புத்தகங்களில் இந்த ஊர் 'கவரிபாக்' என்ற பெயரில் வருவது வேறு காரணத்துக்காக. 1752 பிப்ரவரியில் ராபர்ட் கிளைவின் படைக்கும், சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பும் பிரெஞ்சுக்காரர்களும் சேர்ந்த படைக்கும் இங்கே சண்டை நடந்தது.

சாலையோரம் ஒரு மாந்தோப்பு. பிரெஞ்சு பீரங்கிகள் அதற்குள் மறைந்திருந்தன. கிளைவின் படை மாலை நேரத்தில் வந்து அதில் மாட்டிக்கொண்டது. நிலா வெளிச்சத்தில் மணிக்கணக்கில் சண்டை நீண்டது. நேரே போனால் தோப்பைப் பிடிக்க முடியாது என்று தெரிந்ததும் ஒரு பிரிவைச் சுற்றி அனுப்பினார்கள். அதில் சைமண்ட்ஸ் என்ற இளம் அதிகாரி முன்னே போய் வேவு பார்த்தார். எதிரிக் காவல் சிப்பாய்கள் மடக்கியபோது பிரெஞ்சு மொழியில் பதில் சொல்லி, பிரெஞ்சு அதிகாரி போலவே அவர்களைக் கடந்து போய்விட்டார். தோப்பின் பின்பக்கம் காவலில்லை என்று தெரிந்தது. பின்னாலிருந்து ஒரே சரமாரி. பீரங்கிகள் கைப்பற்றப்பட்டன.

பின்பக்கமாகச் சுற்றிப் போகும் படை டிரம் அடித்துக்கொண்டு போக முடியாது. படையின் குரலே டிரம் என்று இருந்த காலத்தில், காவேரிப்பாக்கம் சண்டையைத் தீர்மானித்தது அந்தக் குரலை அடக்கிவைத்து நடந்த நடை. எங்கள் ஊர் பெயர் ராணுவ வரலாற்றில் ஏறியதற்கு முக்கால் காரணம் அந்த மௌனம் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

துப்பாக்கி இல்லை, டிரம் உண்டு

சரி, கம்பெனிப் படைகளில் இந்த டிரம்மை அடித்தவர்கள் யார்? இங்கேதான் எனக்கு விஷயம் சுவாரசியமானது.

ஐரோப்பியச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகள் மதராஸில் நிறைய. அப்பா போரிலோ காய்ச்சலிலோ போய்விடுவார். அப்படிப்பட்ட பையன்களுக்காக 1789-இல் எழும்பூரில் ராணுவ அனாதை இல்லம் தொடங்கினார்கள். ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதிப் பழகும் நம்ம திண்ணைப் பள்ளி முறையையும் சட்டாம்பிள்ளை முறையையும் பார்த்து, 'மதராஸ் முறை' என்று இங்கிலாந்துக்குக் கொண்டுபோனது இந்த இல்லத்திலிருந்துதான்.

ஆனால் அந்தத் தலைமுறை வளர்ந்து வருவதற்குள் கம்பெனி கதவைச் சாத்திவிட்டது. 1795-இல் ஓர் உத்தரவு. தாய், தகப்பன் இருவரும் ஐரோப்பியராக இல்லாதவர்கள் கம்பெனிப் படையில் சேரக் கூடாது. விதிவிலக்கு: ஃபைஃப் ஊதுபவர், டிரம் அடிப்பவர், பேண்டுக்காரர், குதிரைக்கு லாடம் அடிப்பவர். அதாவது அதிகாரியாக வர முடியாது, துப்பாக்கி கிடையாது, ஆனால் டிரம் தருகிறோம். குண்டு வரும் இடத்தில்தான் டிரம்காரனும் நிற்க வேண்டும். திருப்பிச் சுட மட்டும் அவனுக்கு வழியில்லை. படைக் கணக்குகளிலும் 'டிரம்மர்கள்' என்ற கட்டத்தில் இத்தனை பேர் என்ற எண்ணோடு அவர்கள் கதை முடிந்துவிடும்.

பதினோரு வருஷம் கழித்து, 1806 ஜூலை 10 அதிகாலை, வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, அதில் தோல் குஞ்சம், நெற்றியில் சாதி, சமயக் குறி கூடாது, தாடியை எடு, மீசையைத் திருத்து என்ற உத்தரவுகள் அதற்குக் காரணங்களில் முக்கியமானவை. முந்தின நாள்தான் கோட்டைக்குள் திப்புவின் மகள் ஒருவருக்குக் கல்யாணம். செய்தி ஆற்காட்டுக்குப் போனதும், கில்லெஸ்பி 19-ஆம் லேசான குதிரைப்படையோடு அந்த 25 கிலோமீட்டரை விரட்டிக்கொண்டு வந்தார். எழுச்சி அன்றைக்கே நசுக்கப்பட்டது. ஒரு சீருடைத் தொப்பி மனிதர்களின் மானத்தை எவ்வளவு தூரம் தொடும் என்று காட்டிய ஊர் வேலூர். பின்னால் பேண்டு செட் சீருடையைப் பற்றி யோசிக்கும்போது எனக்கு இது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது.

கோட்டையிலிருந்து தெருவுக்கு

இதே காலத்தில் இசை வேறு பாதைகளிலும் வெளியே வந்துகொண்டிருந்தது. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) மேற்கத்திய வாத்தியங்களோடு அரண்மனை பேண்டு வைத்திருந்தார். மதராஸுக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த இளம் முத்துசுவாமி தீட்சிதர், கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் செய்தார். அவைதான் நோட்டுஸ்வரங்கள். பிரிட்டிஷ் அரசகீத மெட்டில் 'சந்ததம் பாஹிமாம்' இருப்பது பலருக்கும் தெரிந்ததே. எல்லாம் சங்கராபரண அளவில். பியூகிளின் ஐந்து சுரங்களும் அதற்குள் அடக்கம். சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்தைப் பிறகு கிளாரினெட் பிடித்ததும் இந்த வரிசையில் வருவதுதான்.

பித்தளை வாத்தியத்துக்கு வால்வு வந்தது 1810-களின் கடைசியில், ஜெர்மனியில். மூன்று பொத்தான்கள் வந்ததும் எல்லாச் சுரமும் கைக்கு வந்துவிட்டது. ஒரு தொழிலாளி சில மாதம் பழகினால் முழுப் பாட்டையும் வாசிக்கலாம். அமெரிக்க டிரம் கோர் குழுக்கள் பழைய பியூகிள் மரபுக்காக ஒற்றை வால்வோடு பல காலம் பிடிவாதமாக இருந்தன. நம்ம ஆட்களுக்கு அந்தப் பிடிவாதம் கட்டாது. சினிமாப் பாட்டு வாசிக்காவிட்டால் யார் கூப்பிடுவார்கள்?

வாத்தியம் எங்கிருந்து வந்தது? வடக்கே மீரட்டிலிருந்து. அங்கே ஜலி கோட்டி என்ற பகுதி இந்தியப் பேண்டு வாத்தியங்களின் பட்டறை. நாதிர் அலி அண்டு கம்பெனி 1885-இல் தொடங்கியது. நாதிர் அலியே ராணுவ பேண்டில் இருந்தவர். இந்தியா முழுக்கக் கல்யாண ஊர்வலங்களில் ஊதப்பட்ட குழாய்களில் பெரும்பகுதி அந்தத் தெருக்களில் வளைத்தது.

வாசிக்கச் சொல்லிக்கொடுத்தது யார்? வேலூர் மாவட்டம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பும் மாவட்டம். வேலூருக்குப் பக்கத்தில் கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே சொல்வார்கள், வீட்டுக்கு ஒருவர் என்ற கணக்கு. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேராகப் பெருத்தது. முடிந்ததும் எல்லாரும் ஊருக்கு. வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட், பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்று பென்ஷன் வாங்கி வந்தவர்களில் சிலருக்கு டிரம் தெரியும், சிலருக்கு ட்ரம்பெட் தெரியும். 1948-இல் என்.சி.சி. வந்த பிறகு பள்ளிக்கூடங்களிலும் டிரம் சத்தம். அமெரிக்காவில் முன்னாள் சிப்பாய்கள் சங்கம் வைத்து வாசித்தார்கள். நம்ம ஊரில் கல்யாணத்துக்கு வாசித்தார்கள்.

தோல் ஊரில் தோல் மேளம்

ஒரு விஷயத்தைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் தோல் ஊர். அதனால் டிரம்முக்குத் தோலும் டேனரியிலிருந்து வரும் என்று நினைப்பார்கள். கிடையாது. டேனரியில் ஆவாரம்பட்டைச் சாற்றிலோ குரோம் உப்பிலோ ஊறிய தோல் மெத்தென்று ஆகிவிடும். செருப்புக்கும் பைக்கும் ஆகும், மேளத்துக்கு ஆகாது. மேளத்துக்கு வேண்டியது பச்சைத் தோல். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிரை வழித்து, இழுத்துக் கட்டிக் காயவைத்தது. அது கண்ணாடி மாதிரி விறைத்தால்தான் நாதம் வரும்.

பறைக்கும் அதேதான். மழைக்காலத்தில் ஈரம் ஏறினால் தோல் தொங்கிவிடும். அதனால்தான் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுகிறார்கள். பேண்டு செட் டிரம்மில் நெருப்புக்குப் பதில் திருகாணி. 1957 வாக்கில் அமெரிக்காவில் பிளாஸ்டிக் தோல் வந்து, மெல்ல இங்கேயும் பரவியதும் அந்தப் பிரச்சினையே போய்விட்டது. கூடவே பச்சைத் தோலைப் பக்குவம் பண்ணத் தெரிந்தவரின் வேலையும் போனது.

பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில்

நான் சின்ன வயதில் பார்த்த பேண்டு செட்டுகளைப் பற்றிச் சொல்கிறேன். மாப்பிள்ளை அழைப்பு என்றால் இரண்டு பக்கமும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் தூக்கிக்கொண்டு வரிசை. நடுவில் பேண்டு. முன்னால் கிளாரினெட்டும் இரண்டு ட்ரம்பெட்டும், பின்னால் யுஃபோனியம், சைடு டிரம், வயிற்றில் கட்டிய பெரிய டிரம், கடைசியில் தாளத் தட்டு. கிளாரினெட் டி.எம்.எஸ். குரலுக்கு, ட்ரம்பெட் இடையிசைக்கு. ட்ரம்பெட்டின் இயல்பான சுருதி ஆறரைக் கட்டை. எந்தப் படத்துப் பாட்டாக இருந்தாலும் அந்தக் கட்டைக்குத் தோதாக இழுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள். நொட்டேஷன் கிடையாது. மாஸ்டர் ஒரு தரம் வாயால் பாடுவார், மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

எங்கள் பக்கம் ஒரு பெரியவர் இருந்தார். பட்டாளத்தில் டிரம் அடித்துவிட்டு வந்தவர் என்று சொல்வார்கள். அறுபது தாண்டியும் சைடு டிரம்மை வேறு ஆளிடம் விடமாட்டார். கூட்டம் கலைந்துபோனாலும் நேராக நிமிர்ந்து நின்று ரோல் அடித்து முடித்துவிட்டுத்தான் குச்சியை இறக்குவார். பையன்கள் நாங்கள் அவரை "மாஸ்டர்" என்றுதான் கூப்பிடுவோம். மாசி மாசம் மயானக் கொள்ளைக்கு பாலாற்றங்கரையில் பம்பையும் உடுக்கையும் அதிரும். பேண்டு செட்டும் போகும். வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கங்கையம்மன் சிரசு ஊர்வலத்துக்கும் போகும். கிறிஸ்தவர் வீட்டுச் சாவு ஊர்வலத்துக்கும் அதே செட்தான். வாசிப்பு மட்டும் மெதுவாகிவிடும்.

அந்த 'மாஸ்டர்' என்ற சொல்லைக் கவனியுங்கள். நான் பார்த்த பேண்டுக்காரர்களில் பலர் பறை அடித்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். பறை அடிக்கிறவரை ஊர் ஒருமையில் கூப்பிடும். சாவு விழுந்தால் வந்தே ஆக வேண்டும், கூலி என்று கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். அதே மனிதர், அதே கை, சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு டிரம் கட்டினால் கணக்கு மாறிவிடும். தேதி கேட்டு வீட்டுக்கு ஆள் வரும். அட்வான்ஸ் கொடுக்க வேண்டும். எத்தனை ஆள், எத்தனை மணி நேரம் என்று பேச வேண்டும். முடியாது என்று சொல்லவும் அவரால் முடியும். வெள்ளைக்காரன் வேஷம் என்று அந்தச் சீருடையைக் கேலி செய்தவர்கள் உண்டு. எனக்கு அது வேஷமாகத் தெரியவில்லை. 1795-இல் துப்பாக்கி மறுக்கப்பட்டவனுக்கு டிரம் என்பது இறக்கம். மரியாதை மறுக்கப்பட்டவனுக்கு நூற்றைம்பது இருநூறு வருஷம் கழித்து அதே டிரம் ஒரு படி ஏற்றம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. பந்தியில் பேண்டுக்காரர்களுக்குக் கடைசியில்தான் இலை போட்டார்கள். அதையும் பார்த்திருக்கிறேன்.

இப்போது

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு தண்டோரா போடும் வழக்கத்தை நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி இருக்கும்போது ஒரு மனிதனைத் தெருத்தெருவாகப் பறையடிக்கவிடுவது எதற்கு என்ற நியாயமான கேள்விதான் அதற்குக் காரணம். இன்னொரு பக்கம், அதே பறை இன்றைக்கு மேடையில் கலையாக நிற்கிறது. நகரத்துப் பிள்ளைகள் வகுப்புக்குப் போய்க் கற்கிறார்கள். 2025-இல் பறை ஆசான் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். மனம் நிறைந்த செய்தி.

பேண்டு செட்டுக்கு இந்த இரண்டும் வரவில்லை. தடை செய்யும் அளவுக்குக் கொடுமையும் இல்லை, கொண்டாடும் அளவுக்குத் தொன்மையும் இல்லை என்று நடுவில் விட்டுவிட்டார்கள். நாட்டுப்புறக் கலை என்று சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் வாத்தியம் வெளிநாட்டது. மேற்கத்திய இசை என்றும் சேர்க்க மாட்டார்கள், ஏனென்றால் வாசித்தது சினிமாப் பாட்டு. கல்யாணங்களுக்கு இப்போது செண்டை மேளமும் டி.ஜே.யும் வந்துவிட்டன. டில்லியில் ஜனவரி 29-ஆம் தேதி பீட்டிங் ரிட்ரீட்டில் எந்தப் பாட்டு வாசிக்கலாம், எதை எடுக்கலாம் என்று நாடே விவாதிக்கிறது. 2022-இல் 'அபைட் வித் மீ' என்ற பழைய மெட்டை எடுத்தபோது எவ்வளவு பேச்சு! சோளிங்கர் சாலையில் கடைசி யுஃபோனியம் பழைய பித்தளை விலைக்குப் போனால் யார் பேசப் போகிறார்கள்?

நான் செய்யத் தொடங்கியிருப்பது சின்ன வேலை. இந்தச் சாலையில் இருக்கும் ஊர்களில் வயதான பேண்டுக்காரர்களைத் தேடிப் போய் ஐந்து கேள்வி கேட்கிறேன். யாரிடம் கற்றீர்கள்? முதலில் வாசித்த பாட்டு எது? வாத்தியம் எங்கே வாங்கியது, என்ன விலை? செட்டில் யார் யார் இருந்தார்கள்? சீருடை தைத்தது யார்? பதில்களை அவர்கள் சம்மதத்தோடு ஃபோனில் பதிந்து, தேதியும் ஊரும் போட்டு வைக்கிறேன். நாலாவது கேள்விக்குத்தான் எல்லாரும் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறார்கள். விரல் விட்டு எண்ணி, ஒரு பெயர் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். படைக் கணக்கில் வெறும் எண்ணாக இருந்தவர்களின் வரிசையில் வந்தவர்கள், கூட வாசித்த ஒருவர் பெயரையும் விட்டுவிட மாட்டேன் என்கிறார்கள். உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அந்த நாலாவது கேள்வியை மட்டுமாவது கேட்டு எழுதி வையுங்கள்.